செக்கடி வீதியின் மட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

இல்லை, பெருமை ஒன்றும் இல்லை. கல்லில் பேர் வெட்டுவது எல்லாருக்கும் ஒருநாள் நடப்பதுதான். சிலருக்கு உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா மாதிரித் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். கறுப்புக் கல், மஞ்சள் எழுத்து. அரசவலசு நகராட்சி, பதினான்காவது வார்டு, செக்கடி வீதி தார்ச்சாலை. கீழே மந்திரியிலிருந்து ஆணையர் வரை ஒன்பது பேர். பத்தாவது நான். வரிக்கு வரி எழுத்து சிறுத்து, என் பெயர் கண் ஆஸ்பத்திரி அட்டையின் கடைசி வரி மாதிரி இருக்கிறது.

"பேருக்குப் பின்னால எம்.ஏ. போட்டரலாமா பாப்பா?"

"தத்துவம்னும் சேர்த்துப் போடுங்க."

"அது வேண்டாம். ஆளுங்க பயந்துக்குவாங்க."

அப்பா இருபது வருடம் இந்த வார்டின் கவுன்சிலர் ஆவதற்காக உழைத்தவர். எத்தனை சாவு வீடு, எத்தனை காதுகுத்து. கடைசியில் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அம்மா முடியாது என்றாள். ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுச் சென்னையிலிருந்து நான் பெட்டியோடு வந்து இறங்கிய வாரம் அது. ஏற்கெனவே அச்சடித்த நோட்டீஸில் முகத்தை மட்டும் மாற்றினார்கள். கும்பிடும் கை இன்னும் அப்பாவுடையதுதான் என்று அம்மா சொல்கிறாள். பதினேழு ஓட்டில் ஜெயித்தேன்.

மூன்று வருடத்தில் என் வார்டுக்குக் கிடைக்கப்போகும் முதல் பெரிய வேலை இந்தச் சாலை.

எம்.ஏ. போட்டால் பெயர் இன்னும் சிறியதாகும். யோசிக்க வேண்டும்.


பிப்ரவரி 6

காலையில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று பேர். அதில் ஒருவருக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டில் இன்னும் வேகமாக வந்ததாம்.

சாயங்காலம் சகுந்தலாமணி வந்தார். வீதிக் கடைசியில், சொந்த வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது. கழுத்தில் அளவு நாடா. கையில் மனு. மனுவை வாங்கி வைப்பதுதான் என் வழக்கம், படிப்பது ராத்திரி. இதை நின்றபடியே படித்தேன். "செக்கடி வீதிக்குச் சாலை போட வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"வேண்டாங்களா?"

"வேண்டாமுங்க அம்மிணி."

"ரோடு?"

"ரோடேதானுங்க."

"அக்கா, வீதியே கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்காங்க. முப்பத்தொரு வீடு."

"முப்பத்தொண்ணும் மேல இருக்குது. எம்பட வீடு ஒண்ணுதான் கீழ இருக்குது. வந்து பாருங்க. செருப்புக் கழட்டிப்போட்டு வாங்க, வழுக்கும்."

வருகிறேன் என்றேன். எல்லாரிடமும் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்தது. "நாளைக்குங்களா, நாளானிக்குங்களா?" என்று நின்றார்.


பிப்ரவரி 8

போனேன்.

சாலையிலிருந்து வாசலுக்கு இரண்டு படி இறங்க வேண்டும். பதுங்கு குழி ஒன்றில் இறங்குவதாகத் தோன்றியது. (பதுங்கு குழியை நான் பார்த்ததில்லை.) உள்ளே மூன்று தையல் மிஷின், மூன்றும் செங்கல் மேல். துணி பீரோவும் செங்கல் மேல். கட்டில் காலுக்கு நான்கு ஹாலோ பிளாக்.

"கட்டிக்கிட்டு வந்தப்ப ரெண்டு படி ஏறி உள்ள வந்தனுங்க. ஒரு ரோடு போட்டாங்க, ஒரு படி போச்சு. இன்னொண்ணு, மட்டமாச்சு. அப்பறம் ரெண்டு ரோடு. இப்ப ரெண்டு படி எறங்கறேன். வீடு எறங்கல அம்மிணி. அது கெடந்த எடத்துலயே கெடக்குது. ரோடுதான் ஏறுது."

"மத்தவங்க?"

"அவங்க ஒவ்வொரு ரோட்டுக்கும் மண்ணு கொட்டி வீட்ட ஏத்திக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு லாரில மாசத்துக்கு ரெண்டு நாளு வாராரு. வந்ததும் தூங்குவாரு. நான் துணியத்தான் ஏத்தி எறக்கி அளவு வெப்பேன், வீட்ட எப்படி ஏத்தறது?"

நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீர். ஏழு கல்யாண ஜாக்கெட். ஆரி வேலை செய்தது, கல் பதித்தது. ஏழையும் ஈரமாய்க் கொண்டுபோய் ஏழு வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

"இன்னொரு ரோடு ஏறுச்சுன்னா நான் வீட்டப் பூட்டிப்போட்டுத் திருப்பூருக்குப் போயிருவனுங்க. நாத்தனா கூப்பிட்டுட்டே இருக்கறா, கம்பெனி வேலைக்கு. இங்கெ நான் மொதலாளி. அங்கெ போனா ரெண்டு சட்டைக் கையத் தெச்சுட்டு மணியப் பாத்துட்டு உக்கோந்திருக்கோணும்."

பல்கலைக்கழகத்தில் 'வசிப்பிடமும் இருப்பும்' என்று எண்பது பக்கம் எழுதினேன். அதில் செங்கல் ஒரு இடத்திலும் வரவில்லை.

சாலை வேண்டாம் என்று மன்றத்தில் பேசுவதாகச் சொன்னேன். இல்லை, சரியாக எழுதுகிறேன். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும் என்று பேசுவதாகச் சொன்னேன். சாலையும் இருக்கட்டும். கல்லும்.


பிப்ரவரி 12

ஓவர்சியர் இம்மானுவேல் வீதியை அளந்தார். நூற்று நாற்பது மீட்டர். நகராட்சியில் எனக்குத் தெரிந்து உண்மை பேசும் ஒரே ஆள். அதனாலேயே மெதுவாகப் பேசுவார்.

"சுரண்டிட்டுப் போடலாமே சார்?"

"போடலாம் மேடம். போடணும்னுதான் ஆர்டரும் இருக்கு. ஆர்டர் ஃபைல்ல இருக்கு. ஃபைல் பீரோல இருக்கு."

"நான் கூட்டத்துல கேக்கறேன்."

"கேளுங்க. ஒண்ணு மட்டும். நம்ம மன்றத்துல ஒரு வழக்கம் இருக்கு, பாத்திருப்பீங்க. யார் வார்டுக்கு வேலை வருதோ அவங்க எந்திரிச்சு தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டு நன்றி சொல்லோணும். மத்தவங்க மேசையத் தட்டுவாங்க. பொருள் பாஸ்."

"எனக்குத்தான் இதுவரைக்கும் வேலையே வரலையே."

"அதான் சொல்றேன். சட்டுனு எந்திரிச்சராதீங்க."

சிரித்தேன். எனக்கு நன்றி சொல்லத் தெரியாதா, மறுப்புச் சொல்லத் தெரியாதா.


பிப்ரவரி 19

பேச்சை எழுதினேன். நான்கு பக்கம். 'படிமம்' என்ற சொல் இரண்டு முறை வந்துவிட்டது. எடுத்தேன். மூன்று பக்கம்.


பிப்ரவரி 24

ஒரு பக்கம்.


பிப்ரவரி 27, வியாழன். வரவுசெலவுக் கூட்டம்

பொருள்கள் நாற்பத்து மூன்று. பதினோரு மணிக்குத் தொடங்கியது.

முதல் பொருள், பேருந்து நிலைய நுழைவு வளைவுக்கு என்ன வண்ணம். ஐம்பது நிமிடம். இளஞ்சிவப்பு என்றார் ஒருவர், கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும் என்றார் இன்னொருவர். பச்சைக்கு ஒரு கட்சி எழுந்தது, நீலத்துக்கு ஒரு கட்சி உட்கார மறுத்தது. மூன்றாவது வார்டு உறுப்பினர் வெளிநடப்புச் செய்தார். வெளியே சம்சா வந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னார். அதற்குப் பிறகு நகரத்தின் மற்ற நாற்பத்திரண்டு பிரச்சினைகளும் மிக வேகமாகத் தீர்ந்தன.

எழுத்தர் வாசிப்பது ரயில் நிலைய அறிவிப்பைப்போல. பிளீச்சிங் பவுடர், தட். மயானத் தகன மேடைப் பழுது, தட். நாய் பிடிக்கும் வண்டிக்கு டயர், தட் தட். இருபது வரைக்கும் எண்ணினேன். பிறகு என் தாளைத் தேடினேன். ஒற்றைப் பக்கம். பையில் இல்லை, நாற்காலிக்கு அடியில் கிடந்தது. குனிந்தேன்.

"பொருள் முப்பத்தேழு, பதினாலாவது வார்டு செக்கடி வீதி."

எழுந்துவிட்டேன்.

"தலைவர் அவர்களே, இந்தப் பொருளைப் பற்றி—"

தட் தட் தட். இருபது மேசையும். இடி மாதிரி.

அமைதி கேட்டு இரண்டு கையையும் தூக்கினேன். சத்தம் அடங்கவில்லை. கெஞ்சுகிற பாவனையில் கைகளைச் சேர்த்தேன். அது கும்பிடாகிவிட்டது.

"போதும் போதும், உக்காருங்கம்மா," என்றார் சேர்மன், மனம் நெகிழ்ந்து. "சின்னப் புள்ளை, என்ன மரியாதை பாருங்க. உங்க நன்றிய மன்றம் ஏத்துக்குது."

"நன்றி இல்லைங்க, நான்—"

"தன்னடக்கம் பாருங்க!"

பொருள் முப்பத்தெட்டு, குப்பைத் தொட்டி. தட்.

ஓவர்சியர் சுவரோரம் நின்று கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்சா ஆறியிருந்தது. இரண்டு தின்றேன்.


பிப்ரவரி 28

தீர்மானப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. "ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது. பதினான்காவது வார்டு உறுப்பினர் திருமதி சிந்துஜா நன்றி தெரிவித்துப் பேசினார்."

இரண்டு பிழைகள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஆணையரைப் பார்த்தேன். நல்ல மனிதர். கேட்டுவிட்டு, விதிப் புத்தகத்தைக்கூடப் புரட்டினார். "மறுப்பு சொன்னா வாபஸ் வாங்க வழி இருக்குங்க மேடம். நன்றி சொன்னத வாபஸ் வாங்க ஒண்ணும் காணோம்."

வரும் வழியில் சகுந்தலாமணி வாசலில் நின்றிருந்தார். தப்பிக்க முடியவில்லை. செக்கடி வீதியில் எல்லா வழியும் ஒரு வழி.

"நன்றி சொன்னீங்களாமா."

"அக்கா, அது அப்படி இல்லை. நான் எந்திரிச்சு—"

"எந்திரிச்சீங்களா. சேரி. மத்தவங்க உக்கோந்துட்டே சொல்லியிருப்பாங்க. நீங்க எந்திரிச்சுச் சொல்லியிருக்கறீங்க." உள்ளே இறங்கிப் போனார். இரண்டு படி. அந்த இரண்டு படியும் இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.


மார்ச் 3

ஓவர்சியர் கூப்பிட்டார். டீக்கடை பெஞ்சில் பேச்சு.

"மன்றம் ரோடு போடுன்னுதான் சொல்லியிருக்கு மேடம். எப்படிப் போடறதுன்னு எஸ்டிமேட்தான் சொல்லும். எஸ்டிமேட் நான் போடறது. இன்னும் கையெழுத்து ஆகல."

"அப்போ சுரண்டலாம்?"

"ரெண்டு விஷயம். ஒண்ணு, கான்ட்ராக்டர். சுரண்டற மிஷினுக்கு வாடகை ஆகும். அவர் தன் செலவுல உங்களுக்குக் கல்லு, பந்தல், சேர்மனுக்கு மாலை, மேளம்னு வெச்சிருக்கார். மிஷின் வந்தா கல்லு வராது. கேட்டுட்டேன்."

கல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்றேன். அவர் டீயைக் குடித்தார்.

"ரெண்டாவது?"

"ரோட்ட எறக்குனா மட்டும் பத்தாது. தண்ணி போக வழி வேணும். வீதி ஓரத்துல சாக்கடை இருக்கு. இருந்துச்சு. அது மேல ஆறு வீட்டுல வண்டி ஏத்த சிமென்ட்டுல ராம்ப்பு போட்டு அடைச்சிருக்காங்க. அடிச்ச மழை பூரா ரோட்டு மேல ஓடி, கடைசில எது பள்ளமோ அங்க எறங்குது. அந்த ராம்ப்பு ரோட்டுக்குள்ளயும் நீட்டிட்டு இருக்கு, மிஷின் நெருங்க முடியாது. ஆறும் எடுக்கணும். ஆறு பேரும் பதினாலாந்தேதிக்குள்ள நோட்டீஸ் வாங்கி ஒத்துக்கிட்டா சுரண்டறேன். ஒருத்தர் முறுக்கினாலும் பழையபடி மேலயே ஊத்தச் சொல்லிருவாங்க. மார்ச் முடியறதுக்குள்ள வேலை தொடங்கணும்."

"ஆறு வீடு எது எது?"

"வரிசையா சொல்றேன். மொத வீடு..." என்று இருமினார். நீண்ட இருமல். தூசி இல்லாத இடம் அது.

பட்டியலைத் தாளாகக் கொடுத்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.


மார்ச் 4

ஒன்றும் நடக்கவில்லை. வெயில்.


மார்ச் 5

அப்பா காலையில் கார் கழுவினார். எங்கே நிறுத்திக் கழுவினார் என்பது இங்கே தேவையில்லை.


மார்ச் 6

ஐந்து வீட்டுக்குப் போய் வந்தேன். ஐந்து வீட்டிலும் காபி. ஐந்து வீட்டிலும் ஒரே கேள்வி. "மொத வீட்டுல என்ன சொல்றாங்க?"

பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"பேசிட்டீங்களா?"

பேசப்போவதாகச் சொன்னேன்.


மார்ச் 7

கான்ட்ராக்டருக்குப் போன் செய்து கல் வேண்டாம் என்றேன். மூன்றாம் தேதியே சொல்லியிருக்கலாம். எண் கிடைக்கவில்லை. என் போனிலேயே இருந்தது என்பது வேறு.

"வெட்டக் குடுத்தாச்சுங்களே மேடம். மந்திரி பேரு முடிஞ்சுருச்சு."

"அவ்வளவோட நிறுத்திருங்க."

"மந்திரி பேரு மட்டும் வெட்டுன கல்லை நான் என்னங்க பண்றது?"

அழகியல் ரீதியாகவும் யோசித்துப் பார்த்துவிட்டுப் போனை வைத்தேன்.


மார்ச் 8

எங்கள் வீடுதான் முதல் வீடு. எழுதிவிட்டேன்.

ராம்ப்பு நான் கல்லூரியில் இருந்தபோது கட்டியது. அகலமான சாய்தளம், மேலே வரிவரியாக வழுக்காத ஓடு. இந்த மூன்று வருடமும் அதன்மேல்தான் நின்று மனு வாங்கியிருக்கிறேன். சகுந்தலாமணி வந்தபோதும் அவர் கீழே, நான் மேலே.


மார்ச் 10, திங்கள்

நோட்டீஸை அப்பாவிடம் நீட்டினேன். அவருடைய ஹார்டுவேர் கடையில். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா இது?"

"நோட்டீஸுங்க அப்பா. படிச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'ஆக்கிரமிப்பு' என்ற இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எவன் அனுப்புனான்?"

"நான்தான் அனுப்பச் சொன்னேன்."

"நீயா." சுற்றிலும் பார்த்தார். கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவருக்கு அதில் ஒரு வருத்தம், ஒரு நிம்மதி. "உன்னைய ஜெயிக்க வெச்சது நானு. கும்பிட்ட கை என்னுது."

"அதனாலதான் உங்ககிட்ட மொதல்ல வந்தேன்."

"கார எங்க நிறுத்தறது?"

"ரோட்டுல."

"கவுன்சிலர் வூட்டுக் காரு ரோட்டுல நிக்கறதா?" என்றார். 'கவுன்சிலர்' என்று அவர் சொன்னது என்னை இல்லை.

"சகுந்தலாமணி அக்கா வூட்டுக்குள்ள தண்ணி நிக்குதுங்க அப்பா."

"அது இன்னைக்கு நேத்தா நிக்குது?"

"இல்ல. நம்ம ராம்ப்பு போட்டதுலருந்து நிக்குது."

அப்பா ஆணியைத் திரும்பவும் எடை போட்டார். அதே ஆணி, அதே எடை. கையெழுத்துப் போடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா எனக்கு மட்டும் தோசையை முறுகலாகச் சுட்டாள். கட்சி மாறிவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.


மார்ச் 11

வாங்க மறுத்தால் கதவில் ஒட்ட வேண்டும் என்பது விதி. ஒட்டிய நாளிலிருந்து வாங்கியதாகக் கணக்கு.

நகராட்சி ஊழியரை அனுப்புவதாக ஓவர்சியர் சொன்னார். வேண்டாம் என்றேன். மைதா மாவைக் காய்ச்சினேன். அம்மா பார்த்துவிட்டு, "தண்ணியா இருக்குது, நிக்காது," என்று இன்னொரு கரண்டி மாவு போட்டுக் கிண்டினாள்.

பத்து மணிக்கு வெளியே வந்து எங்கள் கதவில் நானே ஒட்டினேன். உள்ளிருந்து வந்து, வெளியே நின்று, என் வீட்டுக்கு நானே அறிவிப்பு. கொஞ்சம் கோணலாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "இடது பக்கம் சித்த மேல தூக்குங்க," என்றார்.

விதிப்படி சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். அவரே போட்டார்.


மார்ச் 12

அப்பா பின்வாசல் வழியாகப் போகிறார், வருகிறார்.


மார்ச் 13

துக்கம் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். முன்கூடத்தில் அப்பா. நான் சமையலறையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டு. கேட்காமல் இருக்க முடியாத தூரம்.

காலையில் வந்தது ஆறாவது வீட்டு அரிசிக்கடைக்காரர். "பெத்த புள்ளை இப்படிப் பண்ணலாமுங்களா? நானா இருந்தா அந்தக் காயிதத்தக் கிழிச்சு மூஞ்சில வீசியிருப்பேன்."

அப்பா ம் என்றார்.

மதியம் மூன்றாவது வீடு. "படிக்க வெச்சது தப்புங்க. சென்னைக்கு அனுப்புனது அதவிடத் தப்பு."

ம்.

நான்கு மணிக்கு இரண்டாவது வீட்டுக்காரர். அப்பாவுக்கு எதிராக இருபது வருடம் இதே வார்டுக்கு ஆசைப்பட்டவர். "நான் அப்பவே சொன்னனுங்க, பொட்டப் புள்ளைக்கு இந்த வேலை ஆகாதுன்னு. உங்க பேச்சையே கேக்கலீன்னா ஊரு பேச்சைக் கேக்குமா?"

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"என்னுங்க சொன்னீங்க? எம் பொண்ணு கவுன்சிலருங்க. அவ ஊட்டுக் கதவுல அவளே ஒட்டியிருக்கறா. இந்த ஊர்ல எந்த ஆம்பளை கவுன்சிலராவது ஒட்டியிருக்கறானா? சொல்லுங்க பாக்கலாம். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. எங்க வூட்டு ராம்ப்பு போனா உங்க வூட்டு ராம்ப்பும் போகும்."

"அப்ப உங்குளுது போகுதுங்களா?"

வெண்டைக்காய் அரிவதை நிறுத்தினேன். அம்மாவும் குக்கரை அணைத்தாள்.

அப்பா தன் வாயிலிருந்து வந்ததைச் சுற்றி வந்து பார்ப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வெளியேற வழி இல்லை. அவரே கட்டியது.

"போகுதுங்க," என்றார்.


மார்ச் 14

கையெழுத்துப் போட்டார். நோட்டீஸில் போடவில்லை, அது கதவோடு காய்ந்துவிட்டது. ஓவர்சியர் புதுத் தாள் கொண்டுவந்தார். மதியத்துக்குள் இன்னும் நான்கு வீடு. இரண்டாவது வீட்டுக்காரர் மட்டும் ஐந்து மணி வரைக்கும் இழுத்தார், அப்பா அவர் வீட்டுக்கே போய்ப் பேனாவைக் கொடுத்தார்.

இந்தத் திட்டம் தன்னுடையது என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "புள்ளைகிட்ட நான்தான் சொன்னேன், மொதல்ல நம்ம வூட்டுல இருந்து ஆரம்பிச்சரு பாப்பான்னு."

திருத்தவில்லை.


மார்ச் 20

இடித்தார்கள். எங்களுடையது முதலில். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறார். படம் எடுக்கும்போது என்னையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

அடியில் சாக்கடை. அதில் என்னென்னவோ. ஒரு சைக்கிள் டயர், தேர்தல் கொடி, அப்பா பத்து வருடமாகத் தேடிய மண்வெட்டி.


மார்ச் 26

மிஷின் வந்தது. சாலையை உரித்தது.

விளிம்பில் அடுக்கு தெரிந்தது. நான்கு சாலை, ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் மெல்லிய மண் கோடு. ஒவ்வொன்றும் ஒரு சேர்மன், ஒரு வரவுசெலவு, ஒரு கும்பிடு. பல்கலைக்கழகத்தில் நாங்கள் இதற்கு வரலாறு என்று பெயர் வைத்திருந்தோம். இங்கே அதை முன்னேற்றம் என்கிறார்கள்.

சகுந்தலாமணி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. அடுக்கைக் காட்டித் தானாகவே சொன்னார்: "அந்த மூணாவது, எம் பையன் பொறந்தப்ப. அதுக்கு மேல இருக்கறது மாமியா செத்தப்ப. தார் காயறதுக்குள்ள பாடை போச்சு. செருப்பெல்லாம் ஒட்டிக்கிச்சு."

கொஞ்சம் கழித்து, "எத்தன எடுப்பாங்க?" என்றார்.

"மூணு."

"நாலையும் எடுக்கச் சொல்லுங்க."

"நாலாவதுக்குக் கீழ குடிதண்ணிக் குழாய் இருக்குதாம் அக்கா."

"குழாய் இருந்தா இருக்கட்டும். கேட்டுப் பாத்தேன்."


ஏப்ரல் 1

புதுச் சாலை. கறுப்பு. வாசனை. திறப்பு விழா இல்லை. கல் இல்லை. சேர்மன் வழியில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, "நல்லா வந்திருக்குது," என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

சகுந்தலாமணி வீட்டு வாசலில் நாடாவை வைத்து ஓவர்சியர் அளந்தார். அரைப் படி இறக்கம்; புதுத் தார் பழையதைவிடக் கொஞ்சம் தடிமன். சகுந்தலாமணி அதை நம்பாமல் தன் கழுத்து நாடாவை எடுத்துத் தானும் அளந்தார். இரண்டு நாடாவும் ஒத்துப்போயின.

"சேரி. மழை வரட்டும்," என்றார். திருப்பூர் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டி கட்டப்பட்டுக் கதவோரம் இருந்ததைப் பார்த்தேன்.


ஏப்ரல் 5

மழை இல்லை. மூன்று முறை வானத்தைப் பார்த்தேன். பொதுப்பணி என்னை விவசாயி ஆக்கிவிட்டது.


ஏப்ரல் 9, புதன்

மழை.

மூன்றரைக்குக் காற்று, பிறகு ஆலங்கட்டி, பிறகு கொட்டித் தீர்த்தது. குடை எடுத்துக்கொண்டு ஓடினேன். குடை திரும்பிக்கொண்டது. மடக்கிவிட்டு நனைந்தேன்.

சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. பழுப்பாக, வேகமாக, சத்தத்தோடு. வீதி முழுக்க ஜன்னல்களில் முகங்கள். சாக்கடை ஓடுவதை ஊர் இப்படி நின்று பார்த்து நான் கண்டதில்லை. ஆறு வீட்டு வாசலையும் தாண்டி, வளைவில் திரும்பி, சகுந்தலாமணி வீட்டை ஒட்டிக்கொண்டு போய்ப் பெரிய வாய்க்காலில் விழுந்தது.

அவர் வாசலில் ஒரு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தையல் மிஷினை இன்னும் உயர்த்தத் தயாராக. தண்ணீர் அரைப் படியின் விளிம்பு வரை வந்தது. நின்றது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இலை அங்கே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு சாக்கடைப் பக்கம் நழுவிப் போனது. தண்ணீரும் அதன் பின்னால் போனது.

பத்து நிமிடம் ஆயிற்று. மழை விட்டது.

"உள்ள வாங்க அம்மிணி. ஒழுகிட்டு நிக்கறீங்க." துண்டு கொடுத்தார். உள்ளே தரை காய்ந்து கிடந்தது. வெறும் சிமென்ட் தரை. அதை இருவரும் ஏதோ விக்கிரகம் மாதிரி பார்த்தோம்.

அவர் குனிந்து, நடு மிஷினுக்கு அடியிலிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினார். ஒரு பக்கத்தை நான் தூக்கிப் பிடித்தேன். கனம்.

"மீதி ரெண்டும்?"

"ஐப்பசி மழையும் பாத்துப்போட்டு." பெட்டியைக் கதவோரத்திலிருந்து காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "அடுத்த கூட்டத்துல நன்றி சொல்லுங்க. எம் பேரச் சொல்லிச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தேன். சாய்தளம் போனதிலிருந்து, காரை வெளியே எடுக்க அப்பா ஒவ்வொரு முறையும் சாக்கடைக்குக் குறுக்கே இரண்டு பலகை போட வேண்டியிருக்கிறது. கடையிலிருந்து கொண்டுவந்த தேக்குப் பலகை, நல்ல கனம். நனைந்த சட்டையோடு ஒன்றைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கவுன்சிலரம்மா, அந்த முனையச் சித்த புடிங்க," என்றார்.

பிடித்தேன்.